பட்டிக்கு ஏது ஸ்தலபுராணம்?
(வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஊர்ப் பேர்கள் பிறந்த கதை)

கோயிலால் பேர் பெற்ற ஊர்களுக்கெல்லாம் ஒரு கதை இருக்கும். தென்காசிக்கென்று காசியிலிருந்து சிவலிங்கம் கொண்டுவந்தான் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். வழியில் தங்கிய இடத்தில், லிங்கத்தைச் சுமந்துவந்த பசு இனி நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. அங்கேயே பிரதிஷ்டை செய்ததால் சிவகாசி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இரண்டு கங்கைகளாகக் கூடுவதால் இருகங்கைக்குடி, அதுவே இன்றைய இருக்கன்குடி. வில்லி என்ற வேடர் தலைவன் காடு திருத்தி உண்டாக்கியதால் வில்லிபுத்தூர்.

சரி, கல்லமநாயக்கன்பட்டிக்கு என்ன புராணம்? பனையடிப்பட்டிக்கு? வெற்றிலையூரணிக்கு? கங்கர்செவலுக்கு? ஒன்றும் கிடையாது. கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, பாடிவைத்த புலவர் இல்லை. பிழைக்க வந்தவர்கள் நாலு குடிசை போட்டு, ஒரு கண்மாய் வெட்டி, ஒரு பேரும் வைத்தார்கள், அம்புட்டுதான்! அந்தப் பேர்தான் அவர்கள் எழுதிவைத்துப் போன ஒரே பத்திரம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்ப்போமே என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புது விஷயம் அல்ல. அப்பா அம்மா வைத்த பேர் அட்டெண்டன்ஸோடு சரி. மெஸ்ஸில் உட்கார்ந்தால் 'ஏலேய் தாயில்பட்டி', 'டேய் ஏழாயிரம்பண்ணை' என்றுதான் கூப்பாடு. நாலு வருஷம் ஊர்ப் பேரையே நம் பேராகச் சுமந்தோம். அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன என்று கேட்கத்தான் நேரமில்லாமல் போயிற்று!

வந்தவர்களும் இருந்தவர்களும்

எங்கள் வட்டாரத்தில் பாதி ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். இதற்குக் காரணம் விஜயநகர, நாயக்கர் காலத்துக் குடியேற்றம். 1529-இல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியதாகச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். தளவாய் அரியநாத முதலியார் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததும் அந்தக் காலத்தில்தான். படையோடு வந்தவர்கள், படைக்குப் பின்னால் வந்தவர்கள், பஞ்சத்துக்கும் பயத்துக்கும் கிளம்பி வந்தவர்கள் என்று அலை அலையாக ஜனங்கள் தெற்கே இறங்கினார்கள்.

அவர்கள் தாமிரபரணிக் கரைக்குப் போகவில்லை. நஞ்சை நிலமெல்லாம் அதற்கு முன்பே கோயிலுக்கும் பிராமணருக்கும் வேளாளருக்கும் பட்டயம் ஆகியிருந்தது. மங்கலம், நல்லூர் என்று முடியும் ஊர்கள் பெரும்பாலும் அந்த வகை. வந்தவர்களுக்கு மிச்சம் இருந்தது கரிசல் காடு. ஆனால் தக்காணத்தில் கரிசல் மண்ணையே உழுது பழகியவர்களுக்கு இது புது மண் அல்ல. கனமான ஏரும் நல்ல காளையும் இருந்தால் பருத்தியும் சோளமும் கம்பும் எடுத்துவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் குடியேற்றத்தின் வாய்வழி நினைவைத்தான் இடைசெவல் கி. ராஜநாராயணன் 1976-இல் 'கோபல்ல கிராமம்' நாவலாக்கினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. படிக்காத தம்பி தங்கைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவர்கள் வந்தபோது இங்கே யாருமே இல்லை என்று அர்த்தம் அல்ல. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022, 2023, 2024 என்று மூன்று கட்டமாக அகழாய்வு செய்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, தங்க அணி, அதற்கும் முந்திய நுண்கற்கருவி என்று ஆயிரக்கணக்கில் பொருள் கிடைத்தது. நாயக்கர் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியே அங்கே தொழில் நடந்திருக்கிறது, வியாபாரம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஜனங்கள் தங்கள் ஊரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? அந்தப் பேர் மண்ணுக்குள்ளிருந்து வெளிவரவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது வெறும் மேடு, அதனால் மேட்டுக்காடு, உச்சிமேடு. ஊர் அழிந்தால் மண்பாண்டம் தப்பிக்கும், வளையல் தப்பிக்கும். எழுதிவைக்காத பேர் தப்பிக்காது.

பட்டி சொல்லும் சேதி

ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' நூலை நம் எல்லோர் வீட்டிலும் வைத்திருக்கலாம். ஊர்ப் பேர்களின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டு அந்த ஊரின் பிறப்பைத் தேடும் வழியைக் காட்டியவர் அவர். பட்டி என்றால் முதலில் ஆடு மாடு அடைக்கும் இடம். பிறகு அதைச் சுற்றி மனுஷர் தங்க, அதுவே ஊர் ஆயிற்று. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, ராத்திரி ஓரிடத்தில் அடைத்து, அங்கேயே தங்கிப்போன ஜனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

பட்டிக்கு முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆளின் பேர். கல்லமநாயக்கன்பட்டி, அப்பயநாயக்கன்பட்டி என்று கூட்டத்தைக் கூட்டிவந்தவர் அல்லது முதல் மேழி பிடித்தவர் பேர். ஆள் பேர் இல்லாத இடத்தில் மரம் வரும். பனையடிப்பட்டி, அதாவது பனையடியில் போட்ட பட்டி. அல்லது மடம் வரும், மடத்துப்பட்டி. வழி சொல்லுகிற பாஷை அல்லவா இது! 'அந்தப் பனையடியிலே இருக்கே, அந்தப் பட்டி' என்று சொல்லிச் சொல்லியே பேர் நிலைத்திருக்கிறது.

அமெரிக்காவில் குடியேறியவர்கள் விட்டுவந்த ஊரின் பேரை முன்னால் 'நியூ' போட்டுக் கொண்டுபோனார்கள். நியூயார்க் 1664 வரை நியூ ஆம்ஸ்டர்டாம், இரண்டுமே பழைய ஊரின் ஞாபகம். நம் கரிசல் காட்டில் கிருஷ்ணை, துங்கபத்திரைக் கரை ஊர்களின் பேரைப் பார்ப்பது அரிது. பாஷையைக் கொண்டுவந்தார்கள், குலதெய்வத்தைக் கொண்டுவந்தார்கள், விதையைக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பேரை மட்டும் இந்த மண்ணைப் பார்த்து, பெரும்பாலும் தமிழிலேயே வைத்தார்கள். இந்த ஒரு சங்கதி போதும், அவர்கள் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வரவில்லை என்று சொல்ல.

செவலில் வீடு, கரிசலில் காடு

இனி என் தொழில் பக்கம் கொஞ்சம் வருகிறேன். சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் 'பிளாக் காட்டன் சாயில்' படித்தோமே, நினைவிருக்கிறதா? மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். வெடிப்பில் கையை விடலாம். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் அடுத்த கோடைக்குள் சுவரில் கீறல் விழும். இன்றைக்கு நாம் அண்டர் ரீம்டு பைல் போடுகிறோம், மண்ணை மாற்றி மணல் நிரப்புகிறோம். அன்றைக்குக் குடியேற வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கரிசலுக்கு நடுவே செம்மண் திட்டு தெரிந்தால் அங்கே வீட்டைக் கட்டினார்கள், கரிசலை உழுதார்கள்.

அந்தச் செம்மண்ணுக்குத்தான் செவல் என்று பேர். கங்கர்செவல், செவல்பட்டி, கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் என்று கரிசல் சீமையில் செவல்களுக்குக் குறைவில்லை. கறுப்பு மண் தேசத்தில் செம்மண்தான் அடையாளம். எது எங்கும் இருக்கிறதோ அதை வைத்துப் பேர் சொன்னால் வழி தெரியாது, எது அபூர்வமோ அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மாறாக, கரிசல்குளம் என்ற பேரில் அடையாளம் கரிசல் அல்ல, குளம்.

மழை அளவு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தாமல் ஒரு குடும்பம்கூட இங்கே தங்க முடியாது. அதனால்தான் ஆலங்குளம், கொங்கன்குளம், விஜயகரிசல்குளம், அச்சங்குளம் என்று வரிசையாகக் குளங்கள். பேரில் குளம் என்றாலும் பேச்சில் கண்மாய். சரிவுக்குக் குறுக்கே மண்கரை, வயலுக்கு மடை, மிஞ்சியதை அடுத்த கண்மாய்க்கு அனுப்பக் கலுங்கு. லெவல் கருவி இல்லாமல் ஓடுகிற தண்ணீரையே மட்டமாக வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக ஊரணி. 'ஊருணி' என்று திருக்குறளிலேயே வருகிற சொல் அது. வெற்றிலையூரணி என்ற பேரைப் பாருங்கள், வறண்ட காட்டில் ஈரத்தை விரும்பும் கொடியின் பேரோடு ஒரு ஊரணி. அந்த நீர்நிலையை ஜனங்கள் எப்படிக் கொண்டாடியிருக்க வேண்டும்!

கோட்டை, ஜமீன், இனாம்

ஆட்சி மாறினால் பேரில் ஒரு முன்னொட்டு ஏறும். எங்கள் வட்டாரத்துக் கோட்டைகள் பாளையக்காரர் காலத்தை நினைவூட்டுபவை. 'எதிர்கோட்டை' என்றால் எதற்கு எதிரே என்று கேட்டாக வேண்டும், தனியாக நிற்க முடியாத பேர் அது. வெம்பக்கோட்டை என்றால் வேம்பு ஞாபகம் வரும், பாண்டியர் சூடிய பூ என்பதால் ஒரு பெருமையும் சேரும். ஆனாலும் கோட்டை என்று வந்த இடத்திலெல்லாம் கொத்தளத்தைத் தேட வேண்டாம். தெற்குச் சீமையில் நெல் அளவுக்கும், அந்த அளவு விதைக்கிற நிலத்துக்கும்கூடக் கோட்டை என்ற சொல் உண்டு.

ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம். 1799-இல் கட்டபொம்மன் போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் உண்டு, சாத்தூர்ப் பக்கத்துக் கோல்வார்பட்டியும் உண்டு. பிறகு மிச்சம் இருந்த பாளையங்கள் ஜமீன்களாயின. ஜமீன்சல்வார்பட்டி, இனாம்ரெட்டியபட்டி என்ற பேர்களில் உள்ள ஜமீனும் இனாமும் அந்தக் காலத்து வரிக் கணக்கின் முத்திரை. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போனாலும் பஸ் போர்டில் ஜமீன் போகவில்லை!

கதை முந்தியா, பேர் முந்தியா?

பேர் புரியாமல் போனால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள், ஒரு கதை கட்டிவிடுவார்கள். விருதுப்பட்டிக்கு அப்படி ஒரு கதை. பல நாடுகளை ஜெயித்து விருதுகளோடு வந்த வீரன் ஒருவன் இந்த ஊருக்கும் சவால் விட்டான். உள்ளூர்க்காரன் ஒருவன் அவனை வெட்டி விருதுகளைப் பறித்தான். அதனால் 'விருதுகள் வெட்டி', அதுவே விருதுப்பட்டி என்பார்கள். பட்டி என்ற சொல்லை நான்கு பக்கமும் வைத்துக்கொண்டு 'வெட்டி'யைத் தேட வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றும். ஆனால் கதை பொய்யானாலும் வேலை செய்யும், ஊர்க்காரனை நிமிர்ந்து நிற்க வைக்கும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் நெற்கட்டும்செவலை, பூலித்தேவன் வரி நெல் கட்ட மறுத்த பிறகு, ஜனங்கள் 'நெற்கட்டான்செவல்' என்று மாற்றிச் சொன்னார்கள். 'உம்'முக்குப் பதில் 'ஆன்', ஒரு போராட்டமே அதற்குள் அடக்கம்.

1923-இல் விருதுப்பட்டி நகரசபை தன் ஊரை விருதுநகர் என்று மாற்றிக்கொண்டது. வியாபாரத்தில் வளர்ந்த ஊர் இனிப் பட்டி அல்ல, நகர் என்று தானே சொல்லிக்கொண்டது. மாவட்டம் 1985-இல் காமராசர் பேரில் பிறந்து, மாவட்டங்களுக்குத் தலைவர் பேர் வேண்டாம் என்று முடிவானபோது 1997-இல் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. பேர் என்றைக்குமே கல்லில் பொறித்தது அல்ல. ஆனால் யார் மாற்றுகிறார், எதைத் தெரிந்துகொண்டு மாற்றுகிறார் என்பதுதான் கேள்வி.

பேரில் இல்லாதவர்கள்

இதுவரை பெருமை பேசியாயிற்று. இனி சங்கடமான விஷயம். கல்லமநாயக்கர் ஒருத்தரே கண்மாய் வெட்டியிருக்க முடியுமா? கரைக்கு மண் சுமந்தவர் எத்தனை பேர்? காட்டு முள்ளை வெட்டியவர், பறையடித்து மிருகத்தை விரட்டியவர், மாடு மேய்த்தவர், பானை வனைந்தவர், செத்தால் எடுத்துப் போட்டவர், இவர்கள் எல்லாம் அந்தப் பேரில் எங்கே? குடியேறிய கூட்டத்தின் தலைவருக்கு ஊர்ப் பேர் கிடைத்தது. கூட வந்தவர்களுக்கும், முன்பே இருந்து வந்தவர்களுக்கு இடம் விட்டவர்களுக்கும் ஊருக்கு வெளியே ஒரு தெரு கிடைத்தது. அந்தத் தெருவுக்குப் பேர்கூட அவர்கள் வைத்தது அல்ல. முதலில் சேரி, பிறகு காலனி.

'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில், குடியிருப்பு, தெரு முதலியவற்றின் சாதிப் பேர்களை மாற்றும் நடைமுறைக்கு அரசாணையும் வந்தது. என் கருத்தைக் கேட்டால், ஒரு மனுஷனைக் குனிய வைக்கிற பேர் போகத்தான் வேண்டும், அதில் சரித்திரம் பேசி இழுத்தடிக்கக் கூடாது. ஆனால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, பழைய பேரைப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் அநியாயம் நடந்ததற்கான சாட்சியும் அதோடு போய்விடும். இரண்டு, புதுப் பேருக்கு எங்கோ தேட வேண்டாம். அந்தத் தெருக்காரர்களே சொல்லுகிற கிணறு, பாறை, மரம், ஓடை எத்தனையோ இருக்கிறது. கண்மாய் வெட்டியவர்களுக்கு, தங்கள் தெருவுக்குத் தாங்களே பேர் வைக்கிற உரிமையாவது இப்போது கிடைக்கட்டும்.

செய்தியில் வருகிற பேர்

குடியேறியவர்களை வாட்டிய அதே வறட்சிதான் பிறகு தொழிலைக் கொண்டுவந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். காற்றில் ஈரம் குறைவு, வெயில் அதிகம். தீக்குச்சி காயவும் வெடி காயவும் இதைவிடத் தோதான இடம் ஏது? சிவகாசியில் தொடங்கியது மெல்ல மெல்லக் குளங்களுக்கும் பட்டிகளுக்கும் பரவியது. மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு நடுவே பட்டாசு ஆலை ஷெட்டுகள் முளைத்தன.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பேர்கள் வெளியுலகத்துக்குத் தெரியவந்த விதம் வேறு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: சுமார் 40 பேர் பலி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20-க்கும் மேற்பட்டோர் பலி. சென்னையிலோ டில்லியிலோ உட்கார்ந்திருப்பவருக்கு முதலிப்பட்டி என்றால் அந்த ஒரு நாள்தான். அச்சங்குளம் என்ற பேருக்குள் யாரோ கரை கட்டி நீர் நிறுத்திய ஒரு குளம் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முந்நூறு, நானூறு வருஷம் பஞ்சத்தைத் தாண்டி நின்ற ஊரின் பேர், ஒரு மத்தியான வெடிச்சத்தத்தின் பேராகிவிடுகிறது. செத்தவர்கள் பேர் இரண்டு நாளில் மறந்துபோகும், ஊர்ப் பேர் மட்டும் புள்ளிவிவரத்தில் நிற்கும். இதைவிடக் கொடுமை ஒரு பேருக்கு நேர முடியாது.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். அகழாய்வு நடந்த தோப்புக்குப் பேர் பள்ளிச்சந்தைத் திடல். சமணப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்று கல்வெட்டுகள் சொல்லும். அந்தச் சொல் ஜனங்கள் வாயில் உயிரோடு இருந்ததால் அந்த இடத்தின் பழமைக்கு ஒரு தடயம் கிடைத்தது. காட்டுக்குக் காடு, ஓடைக்கு ஓடை அப்படிப்பட்ட பேர்கள் நம் ஊர்களிலும் உண்டு. எஃப்.எம்.பி. ஸ்கெட்சில் சர்வே எண் இருக்கும், அந்தப் பேர் இருக்காது. அது எண்பது வயதுக்காரர்கள் நாக்கில் மட்டும் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, குறிப்பாக இன்று படிக்கிற தம்பி தங்கைகளே! அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெரியவர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்.

1. நம் ஊருக்கு முதலில் வந்தவர் யார், எங்கிருந்து? அவர் வரும்போது இங்கே யார் இருந்தார்கள்?
2. கண்மாய், ஊரணி, ஓடை ஒவ்வொன்றின் பேர் என்ன?
3. காடுகளுக்கு ஜனங்கள் வழங்குகிற பேர் என்ன?
4. வெளித்தெருக்காரர்கள் தங்கள் தெருவைத் தங்களுக்குள் என்ன பேர் சொல்லிக்கொள்கிறார்கள்?
5. ஊர்ப் பேருக்குச் சொல்லப்படுகிற கதைகள் எத்தனை? ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் அத்தனையும் எழுதுங்கள்.

ஒரே பெரியவரிடம் கேட்டு நிறுத்தாதீர்கள். ஊருக்குள் ஒருவர், வெளித்தெருவில் ஒருவர், பெண்களில் ஒருவர் என்று மூன்று பேரையாவது கேளுங்கள். தண்ணீர் எடுக்கப் போனவர்களுக்குத் தெரிந்த பேர் தலையாரிக்குத் தெரியாது. எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த மலரில் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகிகளை நச்சரிக்கும் பொறுப்பு என்னுடையது. சீக்கிரம் கேளுங்கள். விஜயகரிசல்குளத்து மேட்டில் இருந்தவர்களிடம் கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. பனையடிப்பட்டியிலும் வெற்றிலையூரணியிலும் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.